கிலோ என்ன விலை? கேக் போடுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒன்பது வருடமாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். ஞாயிறு மதியம் ஆர்டர் எதுவும் இல்லை, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். விலை வைப்பது பற்றி மட்டும்தான் என்றும் சொன்னேன். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். அப்படியும் நாலு பேர் ரெசிபியோடு நுழைந்துவிட்டார்கள்.

காட்பாடி: அக்கா, ஒரு கிலோ வெனிலா கிரீம் கேக்குக்கு 450 ரூபாய் வாங்குகிறேன். மாதம் பதினைந்து ஆர்டராவது வருகிறது. ஆனால் கையில் காசு நிற்பதே இல்லை. எங்கே தப்பு?

தப்பு 450-இல்தான். என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் கடை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முட்டை நாலு, மைதா, சர்க்கரை, எண்ணெய், எசன்ஸ் எல்லாம் சேர்த்து 70. விப்பிங் கிரீம் 350 கிராம், 80. அட்டைப்பெட்டி, போர்டு, பட்டர் பேப்பர், கத்தி, மெழுகுவத்தி 75. கரண்ட் 25. சேதாரம் என்று 25 (உடையும் முட்டை, பைப்பிங் பேக்கில் ஒட்டிக்கொண்டு வராத கிரீம், ஓரம் வெட்டிய ஸ்பாஞ்ச் கேக்). ஆக 275.

மீதி 175 லாபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அது உங்கள் கூலிகூட இல்லை. கலக்கி ஓவனில் வைக்க அரை மணி. அடுக்கி, கிரீம் பூசி, பெயர் எழுத ஒன்றரை மணி. வாட்ஸ்அப்பில் 'பிங்க்கா, பேபி பிங்க்கா' என்று பேச அரை மணி. அப்புறம் யாருமே கணக்கில் எழுதாத ஒன்று, பாத்திரம். கிரீம் பிழியும் பையின் நுனியில் மாட்டுகிற நட்சத்திர நாசிலின் பல்லிடுக்கில் காய்ந்த கிரீமைப் பழைய டூத் பிரஷ்ஷால் நோண்டி எடுத்துப் பாருங்கள், அரை மணி போயிருக்கும். மொத்தம் மூன்று மணி நேரம். 175-ஐ மூன்றால் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய்கூட வரவில்லை. அதிலும் டெலிவரி பெட்ரோல் போகிறது.

நான் மணிக்கு 100 ரூபாய் கூலி போடுகிறேன். 275-உம் 300-உம் 575. அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு லாபம். 690 வரும், 700 என்று சொல்கிறேன். கூலி நான் செய்த வேலைக்கு. கிரீம் அடிக்கிற பீட்டர் மெஷின் பழுதானால் புதிது வாங்குவது லாபத்திலிருந்து. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் காசு நிற்காது.

குடியாத்தம்: பொருள் செலவை மூன்றால் பெருக்கினால் போதும் என்று வீடியோவில் சொல்கிறார்களே?

சாதா கேக்குக்குத் தற்செயலாக ஒத்துவரும். பாண்டண்டில் (கேக் மேல் போர்த்துகிற, பொம்மை செய்கிற சர்க்கரை மாவு) யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி கேட்டால் பொருள் 600 ரூபாய், ஆனால் கைவேலை ஒன்பது மணி நேரம். மூன்றால் பெருக்கினால் 1800. அதில் கரண்ட், சேதாரம் போக என் கூலி, லாபம் இரண்டையும் முழுசாக அடக்க முடியாது. முந்திரி பாதாம் போட்ட பிளம் கேக்குக்கு நேர்மாறு. பொருள் விலை அதிகம், வேலை குறைவு. அதை மூன்றால் பெருக்கினால் வாங்க வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

வாலாஜா: ஸ்பாஞ்ச் நடுவில் அமுங்கிவிடுகிறது...

இன்றைக்கு விலை மட்டும்.

ஆரணி: படம் அனுப்பி 'இதே மாதிரி எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். உடனே என்ன சொல்வது?

உடனே எதுவும் சொல்லாதீர்கள். என்றைக்கு, எத்தனை பேர், எங்கே வெட்டுகிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். தலைக்கு 80, 100 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போதும். எங்கே என்பதுதான் முக்கியம். ஏ.சி. ஹாலா, அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியா? வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊர் மே மாதம் 40-ஐத் தாண்டும். பட்டர்கிரீம் ரோஜா மாடிக்குப் போய்ச் சேரும்போது ரோஜாவாக இருக்காது. விலையைச் சொன்ன பிறகு பாதிப் பணம் முன்பணம். அட்வான்ஸ் வராமல் முட்டையை உடைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒருவர் மூன்று கிலோ கேட்டார். நல்ல மனிதர்தானே என்று நம்பினேன். சாயங்காலம் அவர் போன் சுவிட்ச் ஆஃப். எங்கள் தெரு முழுக்க அன்றைக்குப் பிறந்தநாள்.

ராணிப்பேட்டை: கேக்குக்கு ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது, விலையைக் குறையுங்கள் என்கிறார் ஒரு கஸ்டமர்.

2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கு 18 சதவீதம் 5 ஆனது உண்மை. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர், பில்லில் அதை வாங்கியதே இல்லை. வாங்காததை எப்படிக் குறைப்பது? வெண்ணெய்க்கும் வரி இறங்கியது. அதனால் மிச்சமானது ஒரு கேக்குக்குச் சில ரூபாய்தான்.

ஆம்பூர்: அக்கா, ஒரு கிலோ பாண்டண்ட் கேக் கொடுத்தேன். அவர்கள் மாமா மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, போர்டு இல்லாமல் 930 கிராம்தான் என்று சண்டை. பணம் திருப்பித் தர வேண்டுமா?

70 கிராம் குறைவுக்கு மன்னிப்புக் கேளுங்கள், அடுத்த முறை ஏதாவது சேர்த்துக் கொடுங்கள். இனிமேல் காலி போர்டைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கேக் முடிந்ததும் எடை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்கு ஸ்வீட் கடையில் பெட்டியோடு நிறுத்தால் நாம் சும்மா இருக்கிறோமா?

ஆனால் பாண்டண்ட் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு வேறு கருத்து. கிலோ கணக்கு உள்ளே இருக்கும் கேக்குக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். மேலே போர்த்தும் சர்க்கரை மாவே 300 கிராம் வரும். அதைப் பாதிப் பேர் உரித்துத் தட்டோரம் வைத்துவிடுகிறார்கள்.

திருப்பத்தூர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. கஸ்டமருக்குக் கிலோதான் தெரியும். மொத்த எடைக்கு விலை, அவ்வளவுதான். பாண்டண்டும் காசு கொடுத்து வாங்கியதுதானே?

காசுதான். அதைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள் என்கிறேன். ஒரு கிலோ என்று சொல்லி 700 கிராம் கேக்கைக் கொடுத்தால் பன்னிரண்டு பேருக்கு என்று சொன்னது எட்டுப் பேருக்குத்தான் வரும்.

கொசப்பேட்டை: எங்கள் வீட்டில் நகை வேலை. கல் வைத்த தோடுக்குக் கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போடுவோம். கல்லுக்குத் தனி, செய்கூலி தனி. அக்கா சொல்வதுதான் சரி.

திருப்பத்தூர்: தங்கமும் கேக்கும் ஒன்றா? அப்படியானால் சேதாரமும் போடுவீர்களா?

போடுகிறேனே! முதல் பதிலில் அந்த 25 ரூபாய் என்ன என்று நினைத்தீர்கள்?

ஆற்காடு: நான் கிலோவையே விட்டுவிட்டேன். பத்துப் பேருக்கு இவ்வளவு, இருபது பேருக்கு இவ்வளவு என்று சொல்கிறேன். யாரும் தராசு எடுப்பதில்லை.

நல்ல வழிதான். ஆனால் நம் பக்கத்தில் பத்துப் பேர் என்று சொல்லிப் பதினெட்டுப் பேர் வருவார்கள். அப்போது 'குறைவாகக் கொடுத்துவிட்டாய்' என்ற பழி உங்கள் தலையில். எடையையும் எழுதி வையுங்கள்.

திருப்பத்தூர்: நான் மொத்த எடைக்குத்தான் வாங்குவேன்.

வாங்குங்கள். முதலிலேயே சொல்லிவிட்டு வாங்குங்கள். நான் இதை விடுகிறேன், இன்னும் பதினொரு கேள்வி இருக்கிறது.

தொரப்பாடி: அரை கிலோ என்றால் பாதி விலையா?

இல்லை. பெட்டி பாதியாகாது, பாத்திரமும் பாதியாகாது. ஒரு கிலோ 700 என்றால் என் அரை கிலோ 475.

பாகாயம்: அரை கிலோவுக்கு எவ்வளவு வைக்கலாம்?

மேலே.

ஆற்காடு (இன்னொருவர்): மக்கன் பேடா வைத்த கேக் கேட்கிறார்கள்.

பாகில் ஊறிய ஆற்காட்டு இனிப்பு, ஊர்ப் பெருமை! பேடாவைக் கடையில் வாங்கிய விலைக்கே பொருள் செலவில் சேருங்கள். பாகை நன்றாக வடித்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் கிரீம் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த வேலைக்கும் அரை மணி கூலி எழுதுங்கள்.

காந்தி நகர்: கடையில் 400 ரூபாய்க்கே கிடைக்கிறதே என்கிறார்கள்.

கடையில் ஒரே நாளில் நாற்பது கேக் போடுகிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி, குழந்தையின் பெயர் மட்டும் வேறு. அந்தக் கேக் போதும் என்பவர் அங்கேயே வாங்கட்டும். கோபப்பட ஒன்றுமில்லை. நானும் அவசரத்துக்கு அங்கேதான் வாங்குகிறேன்.

விரிஞ்சிபுரம்: நாத்தனார் மகளுக்குப் பிறந்தநாள். சொந்தத்தில் எவ்வளவு வாங்குவது?

சும்மா கொடுங்கள், இல்லையென்றால் முழு விலை வாங்குங்கள். பாதி விலை மட்டும் வேண்டாம். சும்மா கொடுத்தால் அத்தை செய்த சீர் என்று பேர் இருக்கும். பாதி விலைக்குக் கொடுத்தால் அதுதான் உங்கள் விலை என்று சம்பந்தி வீடு வரைக்கும் பரவிவிடும். எனக்குப் பரவியது. முழு விலையில் என் ஓரகத்தியிடம் ஒரு கேக் விற்க இரண்டு வருடம் ஆனது.

சேண்பாக்கம்: உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டில் செய்கிறவர்களுக்கும் வேண்டுமா?

வேண்டும். நான் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டினேன். பதினான்கு இலக்க எண் வரும், அதைப் பெட்டியில் ஒட்டுங்கள்.

காட்பாடி (இன்னொருவர்): ஹாஸ்டல் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டெலிவரி கேட்கிறார்கள். கூடுதல் வாங்கலாமா?

வாங்க வேண்டும். பத்து மணிக்கு மேல் 100 ரூபாய் தனி. கேட்டிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பைக்கின் முன்பக்கத்தில் இரண்டு அடுக்குக் கேக்கை வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு வேகத்தடை போதும். இந்தப் பிள்ளைகளிடமும் அட்வான்ஸ் வாங்குங்கள். பர்த்டே பையன் திடீரென்று ஊருக்குப் போய்விடுவான்.

கே.வி. குப்பம்: ஒரு கிலோ கேக்குக்கு என்ன விலை வைக்கலாம் அக்கா?

முதல் கேள்வி, முதல் பதில்.

காட்பாடி (முதலில் கேட்டவர்): இப்போதுதான் ஒருவருக்கு 700 சொன்னேன் அக்கா. கை நடுங்கிவிட்டது. 650-க்குத் தருவீர்களா என்கிறார்.

தரலாம், மேலே வைக்கிற சாக்லேட் பூ இல்லாமல். அட்வான்ஸ் 325 வந்ததா?