சாயும் நுனிட்டோ, சாயாத தமிழ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளுக்கான இருமொழிக் கதைப் புத்தகம் ஒன்றை லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் வடிவமைக்கிறோம். ஆங்கிலத்துக்கு நுனிட்டோ எழுத்துரு, தமிழுக்கு பலூ தம்பி எழுத்துரு. பாத்திரங்களின் பேச்சைச் சாய்வெழுத்தில் வைத்தோம். ஆங்கிலம் அழகாக வந்தது. தமிழ் வரிகள் சரிந்த வேலிபோல் இருக்கின்றன. அடிக்குறிப்பில் நுனிட்டோவின் உருண்டை முனைகளும் தெரியவில்லை. எங்கே பிழை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத்துரு வடிவமைப்பாளர் வெர்னான் ஆடம்ஸ் தொடங்கி, பின்னர் பிறர் விரிவாக்கிய நுனிட்டோவுக்குச் சாய்வு தனியாக வரையப்பட்டிருக்கிறது. மும்பை ஏக் டைப் குழுவின் பலூ தம்பியில் சாய்வே கிடையாது. இல்லாததைக் கேட்டால் மென்பொருள் நிமிர்ந்த எழுத்தையே பிடித்துத் தள்ளிவிடும்.

தள்ளும்போது எழுத்துகள் உட்காரும் அடிக்கோடு அசையாது. மேலே இருப்பது வலப்பக்கமும் கீழே இருப்பது இடப்பக்கமும் நகரும். ஆகவே மெய்யின் புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்குப் போகிறது, 'கி'யின் மேல் விலங்கு (இகரக் குறி) பக்கத்து எழுத்தை இடிக்கிறது, 'ழு'வின் வால் பின்னால் இழுபடுகிறது. உருண்டை எழுத்துருவில் இது கூடுதலாக உறுத்தும். வட்டங்கள் வலது மேலும் இடது கீழும் தடித்து, எதிர் மூலைகளில் மெலியும். முனையின் அரைவட்டமும் கோணலாகும். நல்ல சாய்வில் வரைபவர் இதையெல்லாம் கையால் திருத்தியிருப்பார்.

சாய்வுப் பொத்தானை அழுத்தாதீர்கள், இரு மொழியும் கலந்த வரியைத் தேர்ந்து அழுத்தினால் அது இரண்டையும் சேர்த்தே சாய்க்கும். விருப்பங்களின் மொழிப் பகுதியில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான சிக்கலான உரைத் தளக்கோலத்தை (Complex text layout) இயக்கிவிட்டு, பேச்சுக்கென ஓர் எழுத்துப் பாணி (Character Style) உருவாக்குங்கள். அதன் எழுத்துருத் தாவலில் மேற்கத்திய உரைக்கும் தமிழுக்கும் தனித்தனிப் பெட்டிகள் இருக்கும். முதலாவதில் நுனிட்டோ சாய்வு, இரண்டாவதில் பலூ தம்பி 2, நிமிர்ந்தபடியே 600 தடிமன் (SemiBold). பழைய பலூ தம்பியில் ஒரே தடிமன்தான், ஆகவே 2 என்ற பதிப்பையே எடுங்கள். அளவும் அங்கே தனித்தனி: 'க'வின் உயரம் ஆங்கிலச் சின்ன எக்ஸைவிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்வரை கூட்டிக் குறையுங்கள்.

என்னைக் கேட்டால் பேச்சு முழுவதும் சாய்வே வேண்டாம், மேற்கோள்குறி போதும். சாய்வை ஓரிரு ஆங்கிலச் சொல்லை அழுத்திச் சொல்ல வையுங்கள். வாசிக்கப் பழகும் குழந்தைக்கு அரைப் பக்கச் சாய்வு பெரும் சுமை.

அடிக்குறிப்புக்கு ஒரு கணக்கு. கோட்டின் தடிமன் எழுத்தளவில் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 9 பாயிண்டில் கோடு 0.25 மி.மீ.; முனையின் ஆரம் அதில் பாதி, 0.13 மி.மீ. அச்சில் மை பரவினால் அந்த வளைவு காணாமல் போகும், எழுத்து மழுங்கியது போலத்தான் தெரியும். 24 பாயிண்டில் ஆரம் 0.34 மி.மீ., கண்ணுக்குப் படும். எனவே தலைப்பு, பேச்சுக்குமிழி, 14 பாயிண்டுக்கு மேற்பட்ட கதைவரி ஆகியவற்றுக்கு நுனிட்டோ; அடிக்குறிப்புக்கு முனை வெட்டிய அதன் உடன்பிறப்பு நுனிட்டோ சான்ஸ். எலும்பும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் பக்கத்தில் ஒட்டாமல் நிற்காது.