படத்தில் வருவது போல சைலன்சர் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கிவிடுமா?

அடக்காது, குறைக்கும், அவ்வளவுதான். த்ரில்லர் படங்களில் ‘புஸ்க்’ என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் தூங்குபவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. சத்தமில்லாத கொலை வலியில்லாத கொலை போலத் தெரிகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

நிஜத்தில் கைத்துப்பாக்கிச் சத்தம் 160 டெசிபலைத் தொடும். சைலன்சர் குறைப்பது சுமார் 20 முதல் 35 வரை. மிச்சமே காதைப் பதம் பார்த்துவிடும்.

சைலன்சர் குழலுக்குள் உள்ள தடுப்புத் தகடுகள் வெடிமருந்து வாயுவை மெல்ல விரியவிட்டுக் குளிரவைக்கும், வேலை அதோடு சரி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் தோட்டா காற்றில் எழுப்பும் ‘படீர்’ சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் இரும்புச் சத்தம் வேறு.

துப்பாக்கி சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தவர்.