ஆடம்ஸ் வீட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல் பற்றிய உங்கள் பதிவில், அப்பாவும் மகனும் அதிபரான குடும்பங்கள் அங்கே இரண்டுதான், ஆடம்ஸ், புஷ் என்று ஒரு வரி வந்தது. புஷ்களை நமக்குத் தெரியும். ஆடம்ஸ் குடும்பத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ், ஆறாவது அதிபர் அவர் மகன் ஜான் குயின்சி. இருவருமே ஒரே தவணையில் தோற்று வீட்டுக்குப் போனவர்கள். பேரன் சார்லஸ் பிரான்சிஸ் தூதராக இருந்தார். கொள்ளுப்பேரன் ஹென்றி வெறும் எழுத்தாளர். படிப்படியாக இறங்கிப்போன குடும்பம் என்றுதான் தோன்றுகிறது. கென்னடிகளைப் போல மக்கள் மனதில் நின்றவர்களும் இல்லை. பிறகு ஏன் இவர்களை இவ்வளவு பேசுகிறார்கள்?

எம்.கே.

அன்புள்ள எம்.கே.,

'வெறும் எழுத்தாளர்' என்பதை எழுத்தாளனுக்கே எழுதியிருக்கிறீர்கள், இருக்கட்டும். இறங்கிப்போன குடும்பம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே ஒருவர் இறங்கிப் போனதுதான்.

ஜான் குயின்சி அதிபரானதே அவ்வளவு பெருமையாக நடக்கவில்லை. 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் பிரதிநிதிகள் சபை அவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு ஆதரவு திரட்டிய ஹென்றி கிளேயையே வெளியுறவு அமைச்சராக்கினார். 'ஊழல் பேரம்' என்ற பழி நான்கு வருடமும் அவரை விடவில்லை. 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அவரைத் தோற்கடித்தார்.

அதோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் 1831இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குள் வந்து உட்கார்ந்தார். அதிபராக இருந்துவிட்டு அந்தச் சபைக்குப் போனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். மகன் சார்லஸ் பிரான்சிஸுக்கே இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

1836இல், அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களின் உறுப்பினர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: அடிமைமுறைக்கு எதிராக வரும் மனுக்களை வாசிக்காமல், விவாதிக்காமல் ஓரங்கட்டிவிட வேண்டும். கிழவர் விடவில்லை. அந்த விதியில் ஓட்டை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டார். 1837இல் ஒருநாள் எழுந்து, '22 அடிமைகள் அனுப்பிய மனு என்னிடம் இருக்கிறது, இதுவும் விதிக்குள் அடங்குமா?' என்று சபாநாயகரைக் கேட்டார். சபை கொந்தளித்தது. அவர்மேல் கண்டனத் தீர்மானம் வேண்டும் என்று குதித்தார்கள். எல்லோரும் கத்தித் தீர்த்த பிறகு நிதானமாகச் சொன்னார்: அது அடிமைமுறையை ஒழிக்க வேண்டாம் என்று கேட்கும் மனு. இந்தக் குறும்பு அவருடைய அப்பாவிடம் கிடையாது. 1844 டிசம்பரில் அந்த விதி ஒழிந்தது.

நடுவில், 1841இல், அடிமைகளாக விற்கக் கடத்தப்பட்டு அமிஸ்டாட் என்ற கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அப்போது வயது 73. அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. 1848 பிப்ரவரி 21 அன்று, மெக்சிகோ போரில் வென்ற தளபதிகளைச் சிறப்பிக்கும் தீர்மானத்துக்கு உரக்க 'இல்லை' என்று வாக்களித்தார். சற்று நேரத்தில் தன் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகரின் அறைக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து அங்கேயே உயிர் போனது. அந்தச் சபையில் புதிய உறுப்பினராக ஆபிரகாம் லிங்கன் இருந்தார்.

இதுவரை சொன்னது அவர்களைக் கொண்டாடுபவர்கள் சொல்லும் கதை. அந்த வீட்டில் பிள்ளையாகப் பிறந்தவர்களின் கதை வேறு. 1794இல் ஜான் ஆடம்ஸ் மூத்த மகன் ஜான் குயின்சிக்கு எழுதினார்: நீ உன் தொழிலில் மட்டுமல்ல, நாட்டுக்கே தலைமை இடத்துக்கு வராமல் போனால், அதற்கு உன் சோம்பலும் ஒழுங்கின்மையும் பிடிவாதமும்தான் காரணமாக இருக்கும் என்று. மகனுக்கு அப்போது 26 வயது. அவர் எழுந்து நின்றுவிட்டார். தம்பி சார்லஸ் குடியில் விழுந்தார், அப்பா அவரைத் தலைமுழுகினார். 1800இல், அப்பா இரண்டாம் முறை அதிபராகும் தேர்தலில் தோற்றுக்கொண்டிருந்த அதே நாட்களில், 30 வயதில் சார்லஸ் இறந்தார்.

அடிபட்டவராவது தன் பிள்ளைகளிடம் மாறியிருப்பார் என்று நினைப்போம். ஜான் குயின்சியோ, ஹார்வர்டில் படித்த மகனிடம் வகுப்பில் முன்னேறாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராதே என்று சொன்னவர். அவருடைய மூத்த மகன் ஜார்ஜ் 1829இல் நீராவிப் படகிலிருந்து கடலில் விழுந்து மறைந்தார். குதித்திருக்க வேண்டும் என்றே பலரும் நம்பினார்கள். இரண்டாவது மகன் ஜான் 1834இல், 31 வயதில், குடியால் உடல்கெட்டு இறந்தார். மிஞ்சியவர் சார்லஸ் பிரான்சிஸ் மட்டும்.

அவர் 1861இல் லண்டனுக்குத் தூதராகப் போனார். தாத்தாவும் அப்பாவும் வகித்த அதே பதவி. உள்நாட்டுப் போரில் பிரிட்டன் தெற்கின் பக்கம் சாயாமல் தடுத்ததில் அவர் பங்கு பெரியது. ஆனால் நாம் இன்று இந்தக் குடும்பத்தைப் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அவருடைய இன்னொரு வேலை. பாட்டி அபிகெயிலின் கடிதங்களை 1840இல் பதிப்பித்தார். 1870களில் அப்பாவின் நாட்குறிப்பிலிருந்து 12 தொகுதிகள் கொண்டுவந்தார். 12 வயதில் தொடங்கி சாகும்வரை ஜான் குயின்சி எழுதிய நாட்குறிப்பு 51 தொகுதிகள். காகிதங்களையும் புத்தகங்களையும் தீ தொடாத கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார் ஜான் குயின்சி. மகன் 1870இல் குயின்சி ஊரில் அதைக் கல்லால் கட்டினார்.

குடும்ப மானத்துக்காக எதையெல்லாமோ எரித்த பெரிய குடும்பங்கள் உண்டு. இவர்கள் மகனைத் தலைமுழுகிய வரிகளைக்கூட விட்டு வைத்திருக்கிறார்கள். கென்னடிகளுக்குப் புகைப்படம் போல இவர்களுக்கு இந்தக் காகிதங்கள் என்று சொல்லலாம்.

படிக்க நினைத்தால் நாட்குறிப்பில் தொடங்காதீர்கள், அந்த மனிதர் வானிலையையும் விடமாட்டார். அபிகெயிலில் தொடங்குங்கள். 1776 மார்ச் 31 கடிதத்தில், புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று கணவருக்கு எழுதுகிறார். கையோடு ஜான் எழுதிய பதிலையும் படியுங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்கிறார் அவர்.

அன்புடன்.