ஆள் உயரம் தாண்டிய செடி வேலி: கவாத்து கேள்வி பதில்

கோவைப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். செடி வாங்க வருகிறவர்களைவிட, வளர்ந்துபோன வேலியை என்ன செய்வது என்று கேட்க வருகிறவர்கள்தான் சில மாதங்களில் அதிகம். அதனால் இந்த முறை அது மட்டும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, முன்பக்கம் செம்பருத்தி வேலி. வீட்டை வாடகைக்கு விட்டிருந்ததால் சில வருடம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது பத்தடி உயரம். மேலே மட்டும்தான் பச்சை, இடுப்பு வரை வெறும் குச்சி. ஆள் வைத்து மேலே தட்டிவிட்டேன், முன்னைவிட மோசமாகிவிட்டது. அடியோடு வெட்டலாமா? (திருச்சி)

செம்பருத்தி தாங்கும், வெட்டலாம். ஆனால் மேலே தட்டியதும் ஏன் மோசமானது என்று முதலில் பாருங்கள். ஒரு கிளையின் நுனியை வெட்டினால், வெட்டுக்குக் கீழே இருக்கும் கணுக்களில் இருந்து மூன்று நான்கு துளிர் கிளம்பும். மறுபடி தட்டினால் அது ஒவ்வொன்றும் மூன்று நான்கு. இப்படியே மேலே குடை விரித்த மாதிரி மூடிக்கொள்ளும், வெயில் உள்ளே இறங்காது, வெயில் படாத இலை உதிரும். உங்கள் வேலியின் அடி இன்னும் மொட்டையானது செடியின் குறையால் அல்ல, கத்தரியால். நான் பார்க்கும் பத்து வேலியில் எட்டு இப்படிக் கெட்டதுதான்.

வெட்டும் முன் அடித்தண்டில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தத் தண்டை யோசிக்காமல் அடியோடு எடுத்துவிடலாம். அப்புறம், ஒன்றோடொன்று உரசும் கிளைகள். அதற்கும் பிறகு, மிச்சமிருப்பதில் இருப்பதிலேயே தடித்த, வயதான தண்டுகளில் மூன்றில் ஒன்றை மட்டும் முழங்கால் உயரத்துக்குக் குறையுங்கள். இன்றைக்கு இவ்வளவுதான். குறைத்த தண்டில் துளிர் ஒரு சாண் வந்ததும் அடுத்த மூன்றில் ஒன்று, அது துளிர்த்ததும் கடைசிப் பங்கு. வேலி ஒரு நாளும் முழு மொட்டையாக நிற்காது, தெருவில் போகிறவர்கள் உங்கள் வரவேற்பறையைப் பார்க்கவும் மாட்டார்கள்.

கட்டை விரலைவிடத் தடித்த தண்டுக்கு அரிவாள் வேண்டாம், கை ரம்பம் எடுங்கள். அரிவாள் போட்டால் தண்டு பிளக்கும், பிளந்த இடத்தில் மழைத் தண்ணீர் நின்று அழுகும். ரம்பத்தை முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் இருந்து கால்வாசி ஆழம் இழுத்துவிட்டு, பிறகு மேலிருந்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் கிளை தன் கனத்தில் சாய்ந்து, பட்டையைத் தண்டு நெடுக உரித்துக்கொண்டு போகும். வெட்டு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக இருக்கட்டும். தடித்த வெட்டுவாயில் பூஞ்சணம் வராமல் போர்டோ பசை பூசலாம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இரும்பு வாளியில் கரைக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளி எடுங்கள்.

புதுத் துளிர் வந்த பிறகு வேலிக்கு வடிவம் கொடுக்கும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வரட்டும். அடி மூன்றடி என்றால் மேலே இரண்டடி. அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். இளந்துளிரில் மாவுப்பூச்சி ஏறும், வாரம் ஒரு முறை இலைக்கு அடியில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

சார், கோடை விடுமுறையில்தான் எனக்கு நேரம். மே மாதம் வெட்டலாமா? (சென்னை)

வேண்டாம். இத்தனை நாள் நிழலில் இருந்த உள்தண்டின் மேல் திடீரென்று கத்திரி வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும். காய்ந்த குச்சியை மட்டும் அப்போது எடுங்கள். பெரிய வெட்டுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. அதன் துளிரை வடகிழக்குப் பருவமழை தூக்கிவிடும். அதை விட்டால் மழை முடிந்த பிறகு ஜனவரி, பிப்ரவரி. அப்போது வெட்டினால் தண்ணீர் விடுவது உங்கள் பொறுப்பு.

ஐயா, எங்கள் வீட்டில் சைப்ரஸ் வேலி, பெரியவர் காலத்தில் வைத்தது. பாதை வரை வந்துவிட்டது. செம்பருத்திக்குச் சொன்னது போல உள்ளே வரை வெட்டலாமா? (ஊட்டி)

தயவுசெய்து வேண்டாம். சைப்ரஸ், துஜா இரண்டும் வேறு சாதி. பச்சை இலை இருக்கும் பகுதியில் வெட்டினால்தான் துளிர்க்கும். உள்ளே பழுப்பான கட்டைவரை வெட்டினால் அந்த இடம் அப்படியே நிற்கும், எத்தனை வருடம் காத்தாலும் மூடாது. கிளையை விலக்கி உள்ளே பாருங்கள், பச்சை எங்கே முடிகிறதோ அதற்கு நான்கு விரல் வெளியே உங்கள் எல்லை. உயரத்தைக் குறைக்கலாம்; மேலே கட்டை தெரிந்தாலும் கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பாதைப் பக்கம் இரண்டடி உள்ளே தள்ள வேண்டும் என்றால், பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதுதான் வழி. டிசம்பர், ஜனவரியில் உங்கள் ஊரில் உறைபனி விழும், அப்போது கத்தரியைத் தொடாதீர்கள். பிஞ்சுத் துளிர் கருகிவிடும்.

அரளி வேலி வெட்டப் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக்குத் தழை கேட்கிறார், கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

ஒரு கைப்பிடிகூடக் கொடுக்காதீர்கள். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு, காய்ந்த பிறகும் நஞ்சுதான். ஆடு, மாடு செத்துப்போகும். வெட்டியதைத் தெருவோரம் போட்டாலும் மேய்கிற மாடு வாய் வைக்கும், சாக்கில் கட்டிவிடுங்கள். கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகை ஆகாது. கையுறை போட்டு வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். மற்றபடி அரளியை எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும்.

இதோடு திருகுகள்ளி வேலி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

அண்ணை, எங்கட வளவில கிளுவங்கதியால் வேலி. கதியால் எல்லாம் தடிச்சு, மதிலுக்கு மேலால நிக்குது. எப்ப வெட்டுறது நல்லது? (யாழ்ப்பாணம்)

உங்கள் ஊர்க்காரருக்கு நான் கதியால் வேலி (தடியை நட்டுத் துளிர்க்க வைக்கும் உயிர்வேலி) சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். மாரி மழை தொடங்கும் நேரம் வெட்டினால் இரட்டை லாபம். நின்ற கதியாலும் துளிர்க்கும், வெட்டிய தடியை இடைவெளியில் நட்டால் அதுவும் வேர் பிடிக்கும். நேராக, கை மணிக்கட்டுப் பருமனில் இருக்கும் தடிகளை எடுத்து, அடியைச் சாய்வாகச் சீவி, தலைகீழாகிவிடாமல் பார்த்து நடுங்கள். ஆட்டுக்குக் குழை மிஞ்சினால் தோட்டத்துக்குப் பசளை.

காகிதப்பூ மின்கம்பியைத் தொட்டுவிட்டது. நீளக் குச்சியில் அரிவாள் கட்டி இழுத்துவிடலாமா? (மதுரை)

கூடவே கூடாது. பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இணைப்பை நிறுத்தச் சொல்லி, அவர்கள் ஆளை வைத்தே வெட்டுங்கள். கம்பிக்குக் கீழே வந்த பிறகு உங்கள் இஷ்டம். காகிதப்பூ புதுக் கிளையில்தான் பூக்கும், அதனால் நன்றாகக் குறைத்தால் அடுத்த சுற்று பூ அதிகம்தான் வரும்.

வேலிக்குள் கொண்டைக்குருவி கூடு, இரண்டு முட்டை. வேலை ஆள் நாளை வருகிறார். (சேலம்)

ஆளை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். கூட்டைத் தூக்கி வேறு கிளையில் வைத்தால் தாய் விட்டுவிட்டுப் போய்விடும்.

யார் வெட்டினாலும், கை வைக்கும் முன் ஒரு நீளக் கம்பால் வேலியின் அடியைத் தட்டிக்கொண்டே ஒரு நடை போங்கள். பாம்பு விலகிப் போக நேரம் கிடைக்கும். இலைகளை ஒட்டி உருண்டையாகக் கட்டியிருந்தால் அது முசுறு எறும்பின் கூடு. கடி பொறுக்க முடியாது, ஆனால் அந்த எறும்பு பூச்சிகளைத் தின்று வாழ்வது. அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டாலும் குறையில்லை. கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு என்றால் மட்டும் யாரும் வீரம் காட்ட வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கோனோகார்பஸ் வேலி மாதம் ஒரு முறை வெட்டியும் அடங்கவில்லை. (ஓசூர்)

அடங்காது. குஜராத் அரசு 2023-இல் அதை நடவே தடை போட்டது. எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மேலே வெட்டினால் கட்டை மறுபடி துளிர்க்கும், வேரோடு தோண்ட வேண்டும். அந்த இடத்தில் மருதாணி வையுங்கள், எவ்வளவு வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாத செடி. ஆடு நடமாடும் தெரு என்றால் நொச்சி அல்லது ஆடாதோடை. ஆடு வாய் வைக்காது.

இட்லிப்பூ வேலியையும் முழங்காலுக்கு வெட்டலாமா? (நாகர்கோவில்)

மெதுவாக வளரும் செடி, அவசரம் வேண்டாம். ஒரு தடவைக்கு கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். பூக்கொத்து நுனியில் வருவதால் வெட்டிய பின் சில மாதம் பூ இருக்காது. துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பு (பெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள்.

வெட்டிய குப்பை மலை மாதிரி கிடக்கிறது. என்ன செய்வது? (கோவை)

இலையையும் பென்சில் பருமன் குச்சியையும் துண்டாக்கி, வெட்டிய வேலியின் அடியிலேயே நான்கு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. மேலே மக்கிய தொழு உரம் ஒரு கூடை. துளிர் வரும்வரை யூரியா வேண்டாம். தடித்த கட்டை அடுப்புக்கு, அரளிக் கட்டையைத் தவிர. அரளியையும் காகிதப்பூவையும் மட்டும் மூடாக்கில் சேர்க்காதீர்கள். காகிதப்பூ முள் காய்ந்த பிறகு செருப்பைத் துளைக்கும்.