டயாலிசிஸ் நோயாளிக்கு எரித்ரோபொய்ட்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறாதது ஏன்? ஃபெரிட்டின் 900 இருக்கிறதே?

ஃபெரிட்டின் 900 என்றதும் இரும்புச்சத்து போதும் என்று நினைத்துவிடுவார்கள். அங்கேதான் சறுக்கல். இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டின், உடலின் இரும்புக் கையிருப்பை மட்டுமல்ல, அழற்சியையும் காட்டும்.

அழற்சி இருந்தால் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடும். அது கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். ஹெப்சிடினை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் வேலை. அது பழுதானால் ரத்தத்தில் இன்னும் தேங்கும். செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதைச் சிதைத்துவிடும். கிடங்கு நிறையச் சரக்கு, கதவுக்குப் பூட்டு! குடலிலிருந்தும் இரும்பு ஏறாது. மாத்திரை பலிக்காததற்கு இதுவும் காரணம். போதாக்குறைக்கு, அழற்சிப் புரதங்கள் எலும்பு மஜ்ஜையில் எரித்ரோபொய்ட்டினின் கட்டளையையே மழுங்கடிக்கும்.

ஆகவே டிரான்ஸ்ஃபெரின் செறிவைப் பாருங்கள்; ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் எத்தனை சதவீதம் இரும்பு ஏறியிருக்கிறது என்ற கணக்கு அது. சீரம் இரும்பு (ரத்தத்தில் உள்ள இரும்பு) 38, டிஐபிசி (ரத்தம் சுமக்கக்கூடிய மொத்த இரும்பு) 240 என்றால் 38÷240×100, சுமார் 16%. 20-க்குக் கீழே என்றால் மஜ்ஜைக்கு இரும்பு எட்டவில்லை என்று பொருள். கூடவே அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பியையும் பாருங்கள்.

சிஆர்பி உயர்ந்திருந்தால் மூலத்தைத் தேடவேண்டும்: கழுத்து கதீட்டர், பல் ஈறு, ஆறாத கால்புண், செயலிழந்தும் உள்ளேயே இருக்கும் மாற்றுச் சிறுநீரகம். ஈறைப் பலர் பார்ப்பதே இல்லை.

ஊசி அளவை ஏற்றிக்கொண்டே போவது தவறு. பக்கவாத ஆபத்து கூடும், ஹீமோகுளோபினை வேண்டுமென்றே 13-ஐத் தாண்ட விடக்கூடாது. காய்ச்சலோடு கிருமித் தொற்று இருக்கும்போது நரம்புவழி இரும்பையும் தள்ளிவைப்பார்கள். ஃபெரிட்டின் உயர்ந்தும் செறிவு குறைந்தும் இருந்தால் இரும்பு தரலாமா என்பதைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.