கேள்விக்கும் விடைக்கும் நடுவே மூன்று நொடி

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன், பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் அதே ஐந்தாறு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. பேனா, புத்தகம் என்று பரிசு கொடுத்துப் பார்த்தேன்; சில நாள் உற்சாகத்துக்குப் பிறகு பழையபடிதான். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எப்போதும் தலை கவிழ்ந்தே இருக்கிறான். அன்பாகப் பழகலாம் என்றால், 'இடம் கொடுத்தால் தலைமேல் ஏறிவிடுவார்கள்' என்று மூத்த ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவர்கள் பேசாமலிருப்பதை ஆர்வமின்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினான்கு வயதில், உடன் படிப்பவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை வளர்ந்த பிறகு நாம் மறந்துவிடுகிறோம். வாய் திறக்காவிட்டால் அந்த வேதனை இல்லை. ஆகவே அவர்கள் திறப்பதில்லை. எனவே, உங்கள் வகுப்பில் தவறான விடை ஒன்று வந்தவுடன் என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், விடை தவறாக இருந்தால் 'இல்லை, உட்கார், அடுத்து யார்?' என்று கேட்டு நகர்ந்துவிடுவேன். அதில் கடுமை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டின் இறுதியில் ஒரு மாணவி, என் பார்வை அவளுடைய வரிசைக்கு வரும்போதே கை நடுங்கத் தொடங்கிவிடும் என்று சொன்ன பிறகுதான், அந்த 'உட்கார்' என்ற ஒரு சொல் ஓராண்டு முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு விளங்கியது. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. மூன்றையும் நான்கையும் கூட்டி வர்க்கப்படுத்தச் சொன்னால், ஒரு மாணவன் 9-ஐயும் 16-ஐயும் கூட்டி 25 என்பான். 'தவறு' என்று சொல்லி அடுத்தவரிடம் போகாமல், அந்த 25-ஐக் கரும்பலகையில் எழுதுங்கள். முதலில் கூட்டிவிட்டு வர்க்கப்படுத்தினால் என்ன வருகிறது என்று வகுப்பையே பார்க்கச் சொன்னால் 49 வரும். இடையில் உள்ள 24 எங்கே போயிற்று? பக்கம் 7 உள்ள சதுரத்தை வரைந்து, அதனுள் பரப்பளவு 9, 16 உள்ள இரண்டு சதுரங்களை எதிரெதிர் மூலைகளில் குறித்தால், மற்ற இரண்டு மூலைகளில் 12, 12 என இரண்டு செவ்வகங்கள் எஞ்சி நிற்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். அந்த மாணவனிடம், 'நீ சொன்ன 25 இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு துண்டுகள்தான் விட்டுப்போயின' என்று சொல்லுங்கள். சரியான விடையை யாராவது உடனே சொல்லியிருந்தால் அந்த வகுப்பு இவ்வளவு கற்றிருக்காது. தவறாகச் சொன்னவன் வகுப்புக்கு ஏதோ கொடுத்தவனாக உட்கார்வதை மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், பின்தங்கியவர்கள் என்று தாங்கள் கருதும் மாணவர்களுக்கு இன்னும் குறைவாகவே காத்திருக்கிறார்கள் என்றும் 1970-களில் எடுத்துக்காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி கேட்பதற்கு எளிது. வகுப்பில் நின்று பாருங்கள், அந்த மௌனம் மிக நீளமாகத் தெரியும். கை தூக்குகிற ஐந்து பேர் அந்த மௌனத்தை உங்களுக்காக நிரப்பிவிடுவார்கள். ஆகவே கேள்வியைக் கேட்டு, யாரும் கை தூக்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு நிமிடம் குறிப்பேட்டில் எழுதச் செய்து, பிறகு பக்கத்தில் இருப்பவருடன் ஒப்பிடச் சொல்லுங்கள். தோழியிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்த விடையை வகுப்பின் முன் சொல்வதற்கு அவ்வளவு அச்சம் இருக்காது.

பரிசுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் முன்பே ஆர்வம் இருந்த சிறு குழந்தைகளுள், வரைந்தால் பரிசு உண்டு என்று சொல்லி வரையவைக்கப்பட்டவர்கள், பின்னர் தம் விருப்பத்துக்கு விடப்பட்டபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பேனாக்களை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக, 'நன்று' என்று மட்டும் எழுதும் இடத்தில், 'இரண்டாவது வரியில் குறியை நீயே திருத்தியிருக்கிறாய், அதனால்தான் விடை சரியாக வந்தது' என்று எழுதுங்கள். நாற்பது குறிப்பேடுகளுக்கும் ஒரே நாளில் இப்படி எழுத முடியாது என்பது தெரியும். நாளுக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வேலைநாளில் எல்லாரையும் எட்டிவிடலாம்.

மூத்த ஆசிரியர்களின் எச்சரிக்கையை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். மாணவரின் நண்பராகிவிட முயலும் ஆசிரியர், ஒரு நாள் சிரித்து, மறுநாள் அதே செயலுக்குக் கோபப்பட்டு, அவர்களைக் குழப்பிவிடுகிறார். பெயர் சொல்லி அழைப்பது, வராத நாளுக்கு மறுநாள் 'நேற்று ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன?' என்று கேட்பது, சொன்ன நாளில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பது, நம் பக்கம் தவறு என்றால் வகுப்பின் முன்பே ஒப்புக்கொள்வது ஆகியவற்றால் யாரும் தலைமேல் ஏறிவிட மாட்டார்கள். வீட்டுப்பாடம் செய்யாதவன் செய்தே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள்; அதைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்.

கடைசி வரிசை மாணவனிடம் சில நாட்களுக்குப் பாடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன்போ முடிந்த பின்போ, தினமும் ஓரிரு நிமிடம், அவன் விளையாடுவது, வரைவது, வீட்டில் வளர்க்கும் நாய் என எதைப் பற்றியாவது பேசுங்கள். முதல் சில நாட்கள் 'ம்' என்பதைத் தாண்டி வராமல் போகலாம், விட்டுவிடாதீர்கள். தலை கவிழ்வதற்குக் கரும்பலகை சரியாகத் தெரியாத கண்ணோ, இரவுத் தூக்கமின்மையோ, ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுப்போன பின்னமோ காரணமாக இருக்கலாம். வீட்டில் நடக்கும் ஏதேனும் கொடுமையை அவன் சொல்ல நேர்ந்தால், அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உதவக்கூடியவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று அவனுக்கு விளக்கிவிட்டு, தலைமை ஆசிரியரிடம் அன்றே பேசுங்கள்.