நடு முள் 12-ல் நிற்கவில்லையா? மெஷினை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் விலை குறைந்த குவார்ட்ஸ் கிரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள) வாட்ச் ஒன்று வாங்கினேன். 43 மி.மீ. அகலம், பின்மூடியில் '5 பார்' என்று இருக்கிறது. தினமும் வேலைக்குக் கட்டிப்போகிறேன். சில வாரமாக, ஸ்டாப்வாட்சை ரீசெட் செய்தால் நடுவில் இருக்கும் நீள முள் 12-ல் நிற்காமல் மூன்று கோடு தள்ளி நிற்கிறது. கடையில் காட்டினேன். 'இதையெல்லாம் தினமும் கட்டக் கூடாது, மெஷின் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்கிறார்கள். உண்மையா?

பதில்: மெஷின் போயிருந்தால் வாட்ச் நின்றிருக்கும், அல்லது நேரம் தவறியிருக்கும். சின்ன வட்டத்தில் உள்ள விநாடி முள் ஓடுகிறதா, மாதத்துக்கு 20 விநாடிக்குள்தான் வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அநேகமாக மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் தள்ளி நிற்பதைப் பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

'தினமும் கட்டக் கூடாது' என்பதும் வெறும் பேச்சு. குவார்ட்ஸ் வாட்ச் கையில் இருந்தாலும் அலமாரியில் இருந்தாலும் உள்ளே ஒரே மாதிரிதான் ஓடுகிறது. கட்டாமல் வைத்தால் ஆயுள் கூடாது. செல் தீர்ந்தது தெரியாமல் உள்ளேயே கிடந்து ஒழுகும் ஆபத்துதான் கூடும்.

முள் ஏன் தள்ளுகிறது? உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அதை எண்ணி, குட்டி மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டார் ஓர் அடி நகர்கிறது. முள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று சர்க்யூட்டுக்குத் தெரியாது. அதனிடம் இருப்பது கணக்கு மட்டும்: இத்தனை அடி போகச் சொன்னேன், ஒரு சுற்று முடிய இன்னும் இத்தனை அடி பாக்கி. கதவில் இடித்தோ கீழே விழுந்தோ முள் மூன்று அடி நழுவினால், கணக்கு அப்படியே இருக்கும், முள் மட்டும் மூன்று கோடு தள்ளி நிற்கும். அதன்பின் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அதே தப்பான இடத்துக்குத்தான் திரும்பும். சர்க்யூட்டுக்கு 'பூஜ்யம் இதுதான்' என்று மறுபடி சொல்லிக் கொடுத்தால் போதும்.

அதற்கு, முதலில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தால் மேல் பட்டனால் நிறுத்தி, கீழ் பட்டனால் ரீசெட் செய்யுங்கள். பிறகு சாவியை (நேரம் திருத்தும் திருகு) கடைசிக் 'கிளிக்' வரை வெளியே இழுங்கள். தேதி உள்ள வாட்சில் அது இரண்டாவது கிளிக். இப்போது மேல் பட்டனை ஒரு முறை தட்டினால் நடு முள் ஓர் அடி நகரும், அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும். நேர் எதிரே இருந்து பார்த்தபடி 12-க்குக் கொண்டுவாருங்கள். சாய்ந்து பார்த்தால் அரைக் கோடு ஏமாற்றும். சில மெஷின்களில் கீழ் பட்டன் அடுத்த முள்ளை நகர்த்தும். ரோண்டா நிறுவனத்தின் 5030.டி மாதிரியான மெஷினில் ஒரு படி கூடுதல்: சாவியை இழுத்த பின் இரண்டு பட்டன்களையும் சேர்த்து 2 விநாடிக்கு மேல் அழுத்த வேண்டும். நடு முள் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டினால் திருத்தும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

சாவி வெளியே இருக்கும்வரை நேரம் நின்றிருக்கும், ஆகவே நேரத்தைச் சரிசெய்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். இரவு 9 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் தேதியை மட்டும் தனியாகத் திருப்பாதீர்கள். தேதிச் சக்கரத்தின் பற்கள் அப்போது ஒன்றோடொன்று பிடித்திருக்கும். கடைசியில் ஒரு முறை ஸ்டாப்வாட்சை ஓட்டி, நிறுத்தி, ரீசெட் செய்து பாருங்கள். 12-ல் நின்றால் வேலை முடிந்தது. இடி எதுவும் படாமலே ஒரு வாரத்தில் மறுபடி தள்ளினால் பெரும்பாலும் செல் பலவீனம். மோட்டார் அடி தவறுகிறது.

இவ்வளவும் வாட்சோடு வரும் கையேட்டில் இருக்கிறது. ஆனால் பத்து மாடலுக்கு ஒரே தாள், எறும்பு எழுத்து, உங்கள் மாடல் எது என்று எங்கும் இருக்காது. அந்தத் தாளை வாங்குபவர் படிக்கக் கூடிய அளவில் அச்சடித்திருந்தால் 'மெஷின் மாற்ற வேண்டும்' என்ற வியாபாரம் பாதி படுத்துவிடும்.

இப்போது ஒரு விலக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களுடையது இந்த வகையாக இருந்தால் மேலே சொன்னது வேலை செய்யாது. சீக்கோவின் வி.கே.63, வி.கே.64 போன்றவை 'மெக்கா குவார்ட்ஸ்'. நேரம் செல்லில் ஓடும். ஸ்டாப்வாட்ச் பகுதியில் பழைய இயந்திர வாட்சில் இருப்பதுபோல் இதய வடிவச் சக்கரமும் அதை அடிக்கும் சுத்தியலும் இருக்கும். அடையாளம் காண்பது எளிது. ஸ்டாப்வாட்சை ஓட்டிப் பாருங்கள். நடு முள் விநாடிக்கு ஒரு முறை 'டக் டக்' என்று குதிக்காமல், விநாடிக்கு ஐந்து சின்ன அடியாக வழுக்கிப் போகும். ரீசெட் செய்தால் சுற்றி வராது. சுண்டிவிட்டதுபோல் ஒரே நொடியில் 12-க்குத் தாவும். இந்த வகையில் பூஜ்யத்தைத் தீர்மானிப்பது சுத்தியலடி, சர்க்யூட் அல்ல. ஆகவே சாவியை இழுத்துப் பட்டனை எத்தனை தட்டினாலும் முள் திருந்தாது.

அந்த வகை என்றால் முதலில் ரீசெட் பட்டனை அடிவரை அழுத்திப் பாருங்கள். பயந்து பயந்து பாதி அழுத்தினால் சுத்தியல் முழுசாக அடிக்காது. அடிவரை அழுத்தியும் ஒவ்வொரு முறையும் அதே மூன்று கோட்டில் நின்றால், முள் அதன் தண்டில் ஒரு தடவை திரும்பிவிட்டது. பின்மூடியைத் திறந்து, மெஷினை வெளியே எடுத்து, அந்த ஒரு முள்ளை மட்டும் தூக்கி நேராக அழுத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள்ளின் துளை தளர்ந்திருக்கிறது. அதை இறுக்க வேண்டும், அல்லது முள்ளை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் மெஷின் மாற்றம் தேவையில்லை.

பிறகு ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? குவார்ட்ஸ் மெஷின் மொத்தமாக வாங்கினால் மலிவு. கிரோனோகிராஃபில் ஐந்தாறு முட்கள். ஒவ்வொன்றையும் நேர் பார்த்துப் பொருத்த பொறுமை வேண்டும். புது மெஷின் என்று சொன்னால் அதே உழைப்புக்குப் பெரிய தொகை கேட்கலாம். மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், கழற்றிய மெஷினைத் திருப்பிக் கேளுங்கள். அதில் பொறித்த எண்ணும் புதியதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

தினசரி உபயோகத்தில் உண்மையாகவே கெடுப்பது தண்ணீர், வியர்வை, மட்டமான செல். '5 பார்' என்றால் 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. ஆய்வகத்தில் அசையாத நிலையில் கொடுத்த அழுத்தத்தின் கணக்கு அது. இந்த 'மீட்டர்' வழக்கத்தை எப்போதுதான் கைவிடுவார்களோ தெரியவில்லை. எத்தனை பேர் அதை நம்பிக் குளத்தில் குதித்திருப்பார்கள்! கை கழுவலாம், மழையில் நனையலாம். வெந்நீர்க் குளியலும் சோப்பும் வேண்டாம். சாதாரண வாட்சில் தண்ணீர் புக மூன்று வழி: கண்ணாடி விளிம்பு, பின்மூடி, சாவி. கிரோனோகிராஃபில் பட்டன் தண்டுகள் இரண்டையும் சேர்த்து ஐந்து. ஈரக் கையில் பட்டனை அழுத்தினால் தண்டைச் சுற்றி நிற்கும் நீரை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். இரவில் கழற்றியதும் பட்டனைச் சுற்றி ஈரத் துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணி. வியர்வை உப்பு அங்கேதான் சேர்ந்து பட்டனை இறுக்கும்.

பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் இருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல். உடல் முலாம் பூசிய வேறு உலோகம். முலாம் போனதும் தோல் அரிக்க ஆரம்பித்தால் வாட்ச் அழுக்காகிவிட்டது என்று தேய்க்காதீர்கள்.

43 மி.மீ. பெரிதா என்று கேட்டால், அகலத்தை விட்டுவிடுங்கள். ஸ்ட்ராப் பிடிக்கும் காதுகளின் நுனியிலிருந்து நுனிவரை அளந்து, அது மணிக்கட்டின் தட்டையான மேல்பகுதிக்குள் அடங்குகிறதா பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டினால் கையை மடக்கும்போது பட்டன் தானாக அழுந்தாது. ஸ்டாப்வாட்சை அழகுக்காக நாள் முழுதும் ஓடவிடாதீர்கள். வி.கே. வகைக்குச் சொல்லப்படும் சுமார் 3 ஆண்டு செல் ஆயுளே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டினால் என்ற கணக்கில்தான்.

செல் விஷயத்தில்தான் பல வாட்ச்கள் சாகின்றன. வேண்டியது சில்வர் ஆக்சைடு செல், பெயர் 'எஸ்.ஆர்.' என்று தொடங்கும். வி.கே. வகைக்கு எஸ்.ஆர்.936 எஸ்.டபிள்யூ., இன்னொரு பெயர் 394. அதே அளவில் 'எல்.ஆர்.' என்றோ 'ஏ.ஜி.9' என்றோ தொடங்குவது அல்கலைன். ஓடும், ஆனால் மின்னழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டே போகும், தீர்ந்ததும் ஒழுகும். ஒழுகிய ரசாயனம் காயிலை (மோட்டாரை இயக்கும் மெல்லிய கம்பிச் சுருள்) தொட்டால் அப்போதுதான் உண்மையாகவே மெஷின் போகும். 936-க்குப் பதில் 927 வைத்து, செல்லைப் பிடிக்கும் கவ்வியை வளைத்துவிடுவதும் உண்டு: இரண்டும் 9.5 மி.மீ. அகலம், உயரம் மட்டும் 3.6-க்குப் பதில் 2.7.

செல் மாற்றும்போது பாக்கெட்டைக் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பின்மூடியின் ரப்பர் வாஷர் தட்டையாகியிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். சீக்கோ வகை பல மெஷின்களில் 'ஏ.சி.' என்று எழுதிய புள்ளியையும் செல்லின் மேல்பக்கத்தையும் உலோக இடுக்கியால் சேர்த்துத் தொட்டு சர்க்யூட்டை ரீசெட் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு, முட்கள் கோணலாக ஓடியதும் 'மெஷின் அவுட்' என்று சொல்லிவிடுவார்கள். செல் மாற்றியதும் பூஜ்யத்தைச் சரிபார்க்காமல் கடையை விட்டு வராதீர்கள்.

கண்ணாடிக்குள் என்றாவது மூடுபனி தெரிந்தால் பட்டனைத் தொடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். சூட்டில் ஆவியாகும் நீர் ஆறியதும் டயலிலோ காயிலிலோதான் படியும். அன்றைக்கே பின்மூடியைத் திறந்து உலர்த்தித் தரச் சொல்லுங்கள்.